அடர்காட்டில் தனிநடையும் திசையறிவும்

அறிமுகமில்லாத அடர்காட்டில் துணையின்றி நடப்பவர்கள், தாங்கள் நேராகவே செல்வதாக உறுதியாக நம்பிக்கொண்டு, சில மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே வந்துசேர்வது உண்டு என்பது காடுகள் உள்ள நாடுகளில் எல்லாம் நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. தமிழ் நாட்டுப்புற வழக்கு இதற்குத் திகைப்பூண்டு என்ற செடியைக் காரணம் காட்டுகிறது. அதை அறியாமல் மிதித்தவர் திசை மயங்கி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவார் என்பது நம்பிக்கை. மிதித்தவரைத் திசை தடுமாறச் செய்யும் ஆற்றல் எந்தச் செடிக்கும் இல்லை என்றாலும், அந்த நம்பிக்கை விளக்க முற்பட்ட நிகழ்வு முற்றிலும் உண்மையானது என்பதையும், அதன் வேர் மனிதனின் உட்செவியிலும் மூளையிலும் இருக்கிறது என்பதையும் கடந்த நூறாண்டு ஆய்வுகள் படிப்படியாகத் தெளிவுபடுத்தியுள்ளன. நேராக நடக்கும் திறன் உடலுக்குள்ளேயே முழுமையாக அமைந்துவிட்ட ஒன்றன்று. புலன்கள் வெளியுலகிலிருந்து இடைவிடாமல் பெறும் அடையாளங்களைக் கொண்டு கணந்தோறும் திருத்தப்பட்டு நிலைநிறுத்தப்படுவது. அத்தகைய அடையாளங்கள் மிகவும் அருகிப்போகும் இடம் அடர்காடு என்பதால், அங்கே தனியாக நடப்பவரின் திசையறிவு எவ்வாறு செயல்படுகிறது என்ற ஆய்வு, மனிதனின் இட உணர்வைப் பற்றிய அடிப்படையான உண்மைகளை வெளிக்கொணர்கிறது.

வட்டமிடும் நடை

அமெரிக்க உயிரியலாளர் ஏசா ஷேஃபர் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கண்கள் கட்டப்பட்ட மனிதர்கள் நேராகச் செல்ல முயலும்போது சுருள்வடிவப் பாதையில் செல்வதைப் பதிவு செய்து, நரம்பு மண்டலத்துக்குள்ளேயே சுழற்சியைத் தூண்டும் ஓர் இயங்கமைப்பு இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். ஒரு கால் மற்றதைவிட நீளமாகவோ வலுவாகவோ இருப்பதால்தான் நடை ஒரு பக்கமாக வளைகிறது என்ற மற்றொரு விளக்கமும் மக்களிடையே பரவலாக இருந்தது. இவ்விரண்டு கருத்துகளும் உண்மையான காட்டில் சோதித்துப் பார்க்கப்பட்டது, செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவிகள் கையடக்கமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான்.

ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உயிரியல் தன்னாள்வியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யான் சூமன், மார்க் எர்ன்ஸ்ட் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் திருப்புமுனையாக அமைந்தது. அந்நாட்டின் தென்மேற்கில் பிரான்ஸ் எல்லையை ஒட்டி அமைந்த பீன்வால்ட் என்னும் சமதளக் காட்டில் ஆறு பேர் தனித்தனியே பல மணி நேரம் நடக்குமாறும், இயன்றவரை ஒரே திசையில் நேராகச் செல்லுமாறும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அவர்களுடைய தடம் செயற்கைக்கோள் கருவியால் பதிவு செய்யப்பட்டது. வானம் மேகமூட்டமாக இருந்த நாளில் நடந்த நால்வரும் வட்டமிட்டனர். அவர்களுள் மூவர் தாம் முன்னர் நடந்த தடத்தையே, அதை உணராமல், மீண்டும் மீண்டும் குறுக்கே கடந்து சென்றனர். வெயில் தெளிவாக இருந்த நாளில் நடந்த இருவரோ, தொடக்கத்தில் கதிரவன் மேகத்துக்குப் பின்னால் இருந்த ஏறத்தாழ கால் மணி நேரத்தைத் தவிர, மற்ற நேரமெல்லாம் பெரிதும் பிறழாமல் ஒரே திசையில் சென்றனர். துனீசியாவின் தெற்கே சகாரா பாலைவனத்திலும் இதே வேறுபாடு தென்பட்டது: பகலில் நடந்தவர்கள் சற்றே விலகினாலும் வட்டமிடவில்லை, முழுநிலவில் நடந்த ஒருவர், நிலவு மறைந்ததும் சில முறை திரும்பி, வந்த திசையை நோக்கியே நடக்கத் தொடங்கினார்.

கண்களைக் கட்டிக்கொண்டு நடந்தவர்களிடம் இந்தப் பிறழ்வு இன்னும் கடுமையாக இருந்தது. 20 மீட்டர் விட்டத்தைவிடச் சிறிய வட்டங்களும் அவர்களுடைய தடங்களில் காணப்பட்டன. ஒரே மனிதர் சில நேரம் இடப்பக்கமும் சில நேரம் வலப்பக்கமும் வளைந்து சென்றதாலும், கால்களின் நீள வேறுபாட்டுக்கும் வளைந்த பக்கத்துக்கும் தொடர்பு காணப்படாததாலும், கால் விளக்கமும், மாறாத சுழற்சி இயங்கமைப்பு என்ற விளக்கமும் ஒருங்கே தகர்ந்தன.

பிழை திரளும் முறை

இந்த வட்டங்களைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கு உதவும். ஓரடிக்கு 70 செ.மீ. நடக்கும் ஒருவர் ஒவ்வோர் அடியிலும் ஒரே பக்கமாக ஒரு பாகை மட்டும் திரும்பினால், 360 அடிகளில், அதாவது ஏறத்தாழ 250 மீட்டர் தொலைவில், 80 மீட்டர் விட்டமுள்ள ஒரு முழு வட்டத்தை அவர் நிறைவு செய்துவிடுவார். அந்த ஒரு பாகைப் பிழை ஒரு முறை இடமும் ஒரு முறை வலமுமாக ஒழுங்கின்றி ஏற்பட்டால் பெரும்பகுதி ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எஞ்சும் பிழை அடிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும். நூறு அடிகளுக்குப் பிறகு பத்துப் பாகை அளவிலும், 900 அடிகளுக்குப் பிறகு முப்பது பாகை அளவிலும் விலகல் இருக்கும் என்பதால், செங்கோணமாகத் திசை மாறுவதற்குப் பொதுவாக ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டி வரும். கண் கட்டப்பட்டவர்கள் இதைவிட மிகக் குறுகிய தொலைவில் வட்டமிட்டார்கள் என்பதால், ஒவ்வோர் அடியிலும் தனித்தனியே நேரும் பிழை மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. எது நேர் என்று உடல் உணர்கிறதோ அந்த உணர்வே மெல்ல மெல்ல நகர்ந்துவிடுகிறது என்றும், நகர்ந்த அந்த உணர்வுக்கு ஏற்பக் கால்கள் உண்மையாகவே நடப்பதால் வட்டம் உருவாகிறது என்றும் ஆய்வாளர்கள் விளக்கம் தருகின்றனர். வளைந்து செல்பவர் தம் நடையில் எந்தத் தவறும் உணராததற்கும் இதுவே காரணம்.

உடல் தன் திரும்பலை அறியும் முதன்மையான கருவி உட்செவியில் உள்ளது. ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்களில் நிரம்பியிருக்கும் நீர்மம், தலை திரும்பும்போது சற்றே பின்தங்குவதால், அங்குள்ள நுண்ணிய மயிர் உயிரணுக்கள் வளைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. விரைவாகத் தலையைத் திருப்பும்போது இந்த அமைப்பு மிகத் துல்லியமாக வேலை செய்கிறது. ஆயினும் மிக மெதுவான திரும்பல் அதன் உணர்வெல்லைக்குக் கீழே நழுவிவிடுகிறது. மாறாத வேகத்தில் நீடிக்கும் சுழற்சியிலோ, நீர்மமும் குழலும் சிறிது நேரத்தில் ஒரே வேகத்தை அடைந்துவிடுவதால், திரும்புகிறோம் என்ற உணர்வே அற்றுப்போகிறது. காட்டில் விழுந்து கிடக்கும் மரத்தைச் சுற்றியும் முட்புதரை ஒதுக்கியும் மெதுவாகத் திரும்பித் திரும்பிச் செல்பவரின் பெரும்பாலான வளைவுகள் இத்தகையவையே.

மூளை வரையும் நிலப்படம்

சூழலைப் பற்றிய அறிவு மூளையில் ஒரு நிலப்படமாக ஒன்றுசேர்கிறது என்ற கருத்தை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டோல்மன் 1948ஆம் ஆண்டில் முன்வைத்தார். சிக்கல்வழிகளில் ஓடிய எலிகள் வெறும் திருப்பங்களை மனப்பாடம் செய்யாமல், இடங்களுக்கிடையிலான உறவையே கற்றுக்கொள்கின்றன என்பது அவருடைய வாதம். 1971ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஜான் ஓகீஃபும் ஜோனதன் டாஸ்ட்ரோவ்ஸ்கியும், எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியில், எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்களைக் கண்டறிந்தனர். இவை இட நரம்பணுக்கள் எனப்படுகின்றன. தலை எந்தத் திசையை நோக்கியிருக்கிறதோ அதற்கேற்பத் துடிக்கும் தலைத்திசை நரம்பணுக்களை ஜேம்ஸ் ரேங்க் 1984இல் கண்டறிந்தார். நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோரின் ஆய்வகம் 2005இல் கண்டறிந்த கட்ட நரம்பணுக்கள், விலங்கு நகரும் பரப்பு முழுவதையும் அறுகோண ஒழுங்கில் அமைந்த புள்ளிகளால் அளந்து, கடந்த தொலைவையும் திசையையும் கணக்கிட உதவுகின்றன. ஓகீஃபுக்கும் மோசர் இணையருக்கும் 2014ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தன் அசைவுகளைத் தானே கூட்டிக்கொண்டே சென்று, புறப்பட்ட இடம் இப்போது எந்தத் திசையில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணிக்கும் இந்தச் செயலுக்கு வழித்தொகுப்பு என்று பெயரிடலாம். இதன் வலிமையும் குறையும் ஒன்றே: ஒவ்வொரு கணிப்பும் அதற்கு முந்தைய கணிப்பின்மேல் நிற்பதால், ஒருமுறை புகுந்த பிழை தானாக நீங்குவதில்லை. தலைத்திசை நரம்பணுக்கள் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தைப் பற்றிக்கொண்டு தம் திசையை மீண்டும் மீண்டும் சரிசெய்துகொள்கின்றன. இருளிலோ, அடையாளமற்ற இடத்திலோ அவை சுட்டும் திசை மெல்ல நழுவத் தொடங்குகிறது. காட்டில் நழுவுவது நடப்பவரின் கவனம் மட்டுமன்று, அவருடைய மூளைக்குள் திசையைக் குறிக்கும் அளவுகோலே நழுவுகிறது என்பதை இந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

இது மனிதனுக்கு மட்டும் உரிய குறையுமன்று. வழித்தொகுப்பில் வல்ல பாலைவன எறும்பு, வளைந்து வளைந்து இரை தேடியபின் கூட்டுக்கு நேர்கோட்டில் திரும்புகிறது. ரூடிகர் வேனர் முதலியோர் 2006இல் வெளியிட்ட சோதனையில், திரும்பும் தறுவாயில் எறும்பின் கால்களில் பன்றி மயிரை ஒட்டி நீளமாக்கியபோது அது கூட்டைத் தாண்டிச் சென்றதும், கால்களைக் குறுக்கியபோது கூட்டை எட்டுமுன் நின்றுவிட்டதும், எறும்பு தொலைவை அடிகளின் எண்ணிக்கையால் அளக்கிறது என்பதை மெய்ப்பித்தன. அத்தகைய எறும்பும் திசைக்கு மட்டும் தன் உடலை நம்புவதில்லை. கதிரவனின் இருப்பையும், வானொளியின் அலைகள் ஒரே தளத்தில் அதிரும் முனைவாக்கம் என்னும் பண்பையும் கொண்டே திசையை நிறுத்திக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவின் சாணவண்டுகள் இரவில் பால்வழியின் ஒளிப்பட்டையைக் கொண்டு தம் உருண்டையை நேராக உருட்டிச் செல்கின்றன என்று மேரி டாக்கி தலைமையிலான குழு 2013இல் காட்டியது. வானம் தெரியாதபடி தலையில் சிறு அட்டைத் தொப்பி அணிவிக்கப்பட்ட வண்டுகள் நேர்த்தடத்தை இழந்து அலைந்தன.

காடு மறைப்பவையும் தருபவையும்

வெப்பமண்டல மழைக்காட்டில் மரங்களின் உச்சிகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரைபோல் அமைந்த விதானம், மேலே விழும் ஒளியில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காட்டை மட்டுமே தரைக்கு விடுகிறது. நிழல்கள் தெளிவாக விழாததால் கதிரவனின் திசை மங்குகிறது. தொலைவில் உள்ள மலைமுகடு மறைந்துவிடுவதால், நடக்க நடக்க இடம் மாறாத அடையாளம் என்று எதுவும் எஞ்சுவதில்லை. அருகில் உள்ள மரங்களோ பத்தடி கடந்தால் பின்னால் போய்விடுகின்றன. அன்றியும் ஒரு காட்சியை மூளை அது பார்க்கப்பட்ட கோணத்தோடு சேர்த்தே நினைவில் வைப்பதால், போகும்போது பார்த்த அதே இடம் திரும்பும்போது வேறோர் இடமாகத் தோன்றுகிறது. செல்லும் வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பின்னோக்கிப் பார்த்து, திரும்பும் காட்சியை முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொள்ளும் வழக்கம் இதனால்தான் பயனுள்ளதாகிறது.

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டி நூல்களின் அறிவுரைகள் தமிழகத்தின் தென்மலைகளில் அப்படியே பொருந்துவதில்லை. வட ஐரோப்பாவில் நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கையே காட்டும். தமிழக-கேரள எல்லையில், ஏறத்தாழ எட்டரைப் பாகை வட அகலாங்கில் உள்ள பொதிகை மலையில், ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டியும் ஆகஸ்ட் இறுதியிலும் கதிரவன் நண்பகலில் தலைக்கு நேர்மேலே நிற்பதால் நிழல் எந்தத் திசையையும் காட்டாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களிலோ நண்பகல் கதிரவன் வடபுறம் இருப்பதால் நிழல் தெற்கு நோக்கி விழும். அதே வேளையில், காலையில் பல மணி நேரம் கதிரவன் கிழக்குப் பக்கத்திலேயே நின்று, நண்பகலை ஒட்டி விரைவாக மேற்குப் பக்கத்துக்கு மாறிவிடும் என்பதால், இம்மலைகளில் காலையும் மாலையும் கதிரவன் நம்பத்தக்க வழிகாட்டி. உச்சிவேளையில் அதனால் பயனில்லை.

பீன்வால்ட் போன்ற சமதளக் காட்டில் இல்லாத ஓர் உதவி மலைக்காட்டில் உண்டு. நிலத்தின் சரிவு, கண்ணை மூடினாலும் பாதத்தாலும் மூச்சாலும் உணரக்கூடிய புற அடையாளம். நீரோட்டம் அந்தச் சரிவின் திசையைத் தெளிவாக எழுதிக் காட்டுகிறது. ஆயினும் அந்த எழுத்தை வாசிக்கத் தெரியவேண்டும். பொதிகை அமைந்த அகத்தியமலைத் தொடரின் நீர்பிரிமேட்டுக்குக் கிழக்கே விழும் மழை தாமிரபரணி வழியாக மன்னார் வளைகுடாவை அடைகிறது. மேற்கே விழுவது நெய்யாறு, கரமனையாறு போன்றவற்றின் வழியாக அரபிக்கடலை அடைகிறது. பனிமூட்டத்தில் முகட்டை அறியாமல் கடந்துவிட்டவர், ஓடையைத் தொடர்ந்தால் ஊர் வரும் என்று நம்பி இறங்குவாரானால், தாம் புறப்பட்ட மாநிலத்துக்கே முதுகு காட்டி நடப்பவராகிவிடுவார். ஏறும்போது கிளைமுகடுகள் அனைத்தும் உச்சியை நோக்கி ஒன்றுகூடுவதால் சிறு பிழை தானே சரியாகிவிடுகிறது. இறங்கும்போது அவை விரிந்து பிரிவதால், மேலே நேரும் சில பாகைப் பிழை கீழே முற்றிலும் வேறான பள்ளத்தாக்கில் கொண்டு சேர்க்கிறது. ஓடைகள் பாணதீர்த்தம் போன்ற அருவிகளாகச் செங்குத்தாக விழும் மலையில், நீரைத் தொடர்வது உயிருக்கே இடராகவும் முடியும். அகன்று தெளிவாகத் தெரியும் யானைத்தடம், யானைக்குத் தேவையான நீரையும் தீவனத்தையும் நோக்கிச் செல்வதே தவிர, மனிதக் குடியிருப்பை நோக்கிச் செல்லவேண்டும் என்பதில்லை.

அச்சம் செய்யும் மாற்றம்

வழி தவறியதை ஒருவர் உணரும் கணத்தில் மற்றொரு சிக்கல் தொடங்குகிறது. உடலின் இடர்க்கால இயக்குநீர்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் ஹிப்போகேம்பஸில் செறிந்திருப்பதை அமெரிக்க நரம்பியலாளர் புரூஸ் மெக்ஈவன் 1968இல் காட்டினார். நிலப்படத்தை வரையும் அதே பகுதி அச்சத்தின் தாக்கத்துக்கும் எளிதில் ஆளாகிறது என்பது இதன் பொருள். கடும் அச்சத்தில் நினைவை மீட்கும் திறனும் சூழலைப் பரந்து நோக்கும் திறனும் குறைகின்றன. விரைந்து நகரவேண்டும் என்ற உந்துதல் மேலோங்குகிறது. தவறான நம்பிக்கையைக் கைவிட மனம் ஒப்பாமல், எதிர்ப்படும் ஓடையையும் மேட்டையும் அந்த நம்பிக்கைக்கு ஏற்ப வளைத்துப் பொருள்கொள்ளும் போக்கும் வழி தவறியவர்களிடம் பரவலாகக் காணப்படுகிறது. தனியாக நடப்பவருக்கு இந்த இடர் மிகுதி. உடன் வருபவர் எழுப்பும் ஐயம் ஒருவரின் தவறான உறுதியைத் தடுத்து நிறுத்தக்கூடும் என்பதால், துணை என்பது இரண்டாவது கண்களாக மட்டுமின்றி இரண்டாவது கருத்தாகவும் பயன்படுகிறது.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் காணாமற்போனவர்களைப் பற்றிய 800க்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்த உளவியலாளர் கென்னத் ஹில், வழி தவறியதை அறிந்ததும் ஒரே இடத்தில் தங்கியிருந்தவர்கள் இருவர் மட்டுமே என்று கண்டார். தங்கியிருப்பதே தேடுவோர் கண்டுபிடிப்பதை எளிதாக்கும் என்பதால், 1981இல் கலிஃபோர்னியாவில் ஒரு சிறுவன் காட்டில் வழி தவறி உயிரிழந்த பின்னர், வழி தவறினால் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு அங்கேயே இரு என்று குழந்தைகளுக்குக் கற்பிக்கும் திட்டம் அங்கே தொடங்கப்பட்டது. ஹில் கண்ட இருவருள் ஒருவர் இந்தப் பாடத்தைப் பள்ளியில் கற்ற சிறுவன் என்பது, அச்சத்தின் உந்துதலைக்கூடப் பயிற்சியால் வெல்ல முடியும் என்பதற்குச் சான்று.

கற்றுப் பெறும் திறன்

காட்டில் வாழும் மக்களுக்குப் பிறவியிலேயே தனியான திசைப்புலன் உண்டு என்ற எண்ணம் பரவலானது. காங்கோ குடியரசின் மழைக்காட்டில் வாழும் உம்பெஞ்செலே பயாக்கா மக்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு இத்திறனின் அடிப்படையைத் தெளிவாக்கியது. கண்ணுக்குத் தெரியாத இடங்களின் திசையைச் சுட்டிக்காட்டுவதில் அவர்கள் வியக்கத்தக்க துல்லியம் உடையவர்கள். ஆயினும் கதிரவன் தெரியும்போது அந்தத் துல்லியம் மேலும் கூடியது. பீன்வால்டில் வட்டமிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் உடலமைப்பில் வேறுபாடு தேடவேண்டியதில்லை. இலைகளினூடே கசியும் ஒளியையும் நிலத்தின் சாய்வையும் நீரின் போக்கையும் சிறுவயது முதலே இடைவிடாமல் கவனித்துப் பழகியதே இவர்களுடைய வலிமை. பழக்கம் மூளையையே மாற்றவல்லது என்பதற்கு இலண்டன் வாடகைக்கார் ஓட்டுநர்கள் சான்று: நகரத் தெருக்களை மனப்பாடமாகக் கற்ற அவர்களுடைய ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெரிதாக இருப்பதை எலினார் மக்வாயர் 2000இல் காட்டினார், பயிற்சியில் தேறியவர்களிடம் அந்த வளர்ச்சி பயிற்சிக் காலத்திலேயே நிகழ்ந்தது என்று அவருடைய பிந்தைய ஆய்வு உறுதிப்படுத்தியது. மறுபுறம், செயற்கைக்கோள் வழிகாட்டியை நெடுங்காலம் மிகுதியாகப் பயன்படுத்தியவர்களிடம் இட நினைவு குறைவாக இருப்பதைக் கனடாவில் லூயிசா தஹ்மானியும் வெரோனிக் போபோவும் 2020இல் பதிவு செய்தனர். அடர்ந்த விதானத்தின் கீழும் ஆழ்ந்த பள்ளத்தாக்கிலும் அந்தக் கருவியின் குறியலைகள் வலுவிழந்து சிதறுவதோடு மின்கலமும் தீர்ந்துபோகும் என்பதால், கருவி துணையாக இருக்கலாமே ஒழிய, கவனிப்புக்கு மாற்றாக இருக்க முடியாது.

தமிழ்நாட்டில் புலிகள் காப்பகங்களுக்குள் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதால், இம்மலைகளின் உட்பகுதியில் அன்றாடம் நடப்பவர்கள் பெரும்பாலும் வனத்துறையின் களப்பணியாளர்களும், காணிக்காரர் போன்ற பழங்குடி மக்களும், அவர்களுள் இருந்து வரும் வேட்டைத்தடுப்புக் காவலர்களுமே. இவர்கள் செய்யும் வழிகாட்டுதல் வெறும் உடலுழைப்பாகவே கருதப்பட்டு, மதிப்பும் ஊதியமும் அதற்கேற்பவே அளக்கப்படுகின்றன. ஆனால் ஒளி, சரிவு, நீர், காட்சி ஆகியவற்றைச் சேர்த்து நடக்கும்போதே ஒரு நிலப்படத்தைக் கட்டி, அதன் பிழைகளைக் கணந்தோறும் திருத்திக்கொள்ளும் இத்திறன், பல்லாண்டுப் பயிற்சியால் அமையும் அறிவு என்பதையே மேற்கண்ட ஆய்வுகள் சுட்டுகின்றன. இந்த அறிவு நூலால் கடத்தப்படுவதன்று. மூத்தவரோடு இளையவர் காட்டில் நடந்தே கற்பது. ஆகையால் அம்மக்களின் குழந்தைகள் தம் காட்டோடு கொண்ட தொடர்பை இழக்காதவாறு கல்வியும் வனக் கொள்கையும் அமையவேண்டும். காட்டை அறிந்தவர்களை அறிஞர்களாக ஏற்று மதிப்பளிக்கும் கடமை அறிவியல் நிறுவனங்களுக்கும் அரசுக்கும் உண்டு.